யாரையும் கைவிடாத விளையாட்டு

ஸ்கைரிம் விளையாட்டின் தொடக்கத்திலேயே பிளீக் ஃபால்ஸ் பேரோ என்ற பழைய கல்லறைக்குள் போக வேண்டியிருக்கும். பனி மூடிய மலைமேல் இருக்கிறது அது. எழுந்து வரும் உலர்ந்த பிணங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டு உள்ளே போனால், கடைசியில் ஒரு கற்கதவு. அதில் மூன்று வளையங்கள், ஒவ்வொன்றிலும் விலங்கு உருவங்கள். சரியான மூன்றையும் சேர்த்து நிறுத்தினால் கதவு திறக்கும். எந்த மூன்று? வழியில் ஒரு திருடனிடமிருந்து எடுத்த தங்க நகம் உங்கள் பையில் இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்த்தால் உள்ளங்கைப் பக்கத்தில் கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை என்று மூன்றும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும். திருப்பிப் பார்க்கத் தோன்றாதவர்களுக்காக அந்தத் திருடனின் நாட்குறிப்பும் கிடைக்கிறது. நகம் கையில் இருந்தால் விடையும் உள்ளங்கையில்தான் என்று அதில் எழுதி வைத்துவிட்டுத்தான் அவன் செத்திருக்கிறான்.

இதைவிடப் பரிவோடு ஒரு பூட்டைச் செய்துவிட முடியாது. பெதஸ்டா நிறுவனம் 2011இல் வெளியிட்ட இந்த விளையாட்டை இன்றும் பல நாடுகளில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அதற்கு இந்தப் பரிவும் ஒரு காரணம். ஸ்கைரிம் சேர்ந்த வகையான ரோல்-பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி., தன் வாசலுக்கு வந்த எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. யோசிப்பவர், யோசிக்க நேரமில்லாதவர் என்ற பேதம் அதற்குக் கிடையாது. பழைய அட்வென்ச்சர் கேம்களில் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு இந்தக் குணத்தின் அருமை நன்றாகத் தெரியும். அந்த விளையாட்டுகளிடம் இது இல்லவே இல்லை.

1984இல் சியெரா நிறுவனத்துக்காக ராபர்ட்டா வில்லியம்ஸ் உருவாக்கிய கிங்ஸ் குவெஸ்டில் ஒரு குள்ளன் வருகிறான். தன் பெயரைச் சொல்லச் சொல்கிறான். சூனியக்காரியின் வீட்டில் கிடைக்கும் சீட்டு ஒன்று, சில நேரங்களில் பின்னோக்கி யோசிப்பது நல்லது என்ற பொருளில் ஒரு குறிப்புத் தருகிறது. ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகள் படித்தவர்களுக்கு ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற பெயர் நினைவுக்கு வந்துவிடும். அதைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பித் தட்டினால் தவறு என்கிறான். ஆங்கில அகரவரிசையையே தலைகீழாக அடுக்கி, ஏ வரும் இடத்தில் இஸட், பி வரும் இடத்தில் ஒய் என்று ஒவ்வோர் எழுத்தாக மாற்றிப் போட வேண்டுமாம். எத்தனையோ பேர் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1990இல் வந்த மறுபதிப்பில் சியெராவே மனமிரங்கி, பெயரைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று மாற்றியது. குள்ளன் நம்மிடம் எதிர்பார்த்தது அளவுக்கு மீறியது. கல்லறைக் கதவு நம்மிடம் எதையுமே எதிர்பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் இந்த இரண்டு வகை விளையாட்டுகளும் ஒரு வயிற்றில் பிறந்தவை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டை ஆடியவர்களில் ஒருவர் வில் கிரௌதர். கணினி நிரலாளர். கென்டக்கியின் மாமத் குகைக்குள் இறங்கி வரைபடம் தயாரித்தவர். 1970களின் நடுவில் அவர் தன் பெண் குழந்தைகள் ஆடுவதற்காக அந்தக் குகையைக் கணினியில் எழுத்தாலேயே கட்டினார். 1977இல் டான் வுட்ஸ் அதை விரித்து எழுதினார். அட்வென்ச்சர் என்ற பெயர் ஒரு வகைக்கே பெயரானது அப்படித்தான். மேசை விளையாட்டின் இருட்டையும் மர்மத்தையும் ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டது. பகடையையும் எண்களையும் மற்றது எடுத்துக்கொண்டது.

எண்களை எடுத்துக்கொண்ட பிள்ளை செய்த பெரிய உபகாரம், திறமையை ஆடுபவரின் தலையிலிருந்து இறக்கித் திரையில் இருக்கும் வீரனின் தலையில் வைத்ததுதான். இதற்கு ஜப்பானில் நல்ல சாட்சி இருக்கிறது. யூஜி ஹோரீ 1983இல் போர்டோபியா என்ற கொலைத் துப்பறியும் அட்வென்ச்சர் கேமை எழுதினார். அதே மனிதர் 1986இல் டிராகன் குவெஸ்ட் செய்தார். துப்புத் துலங்காதவர் முன்னதில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பின்னதில் அரக்கனை வெல்ல முடியாதவர் ஊர் எல்லைக்குத் திரும்பி, ஸ்லைம் என்ற கொழகொழ உருண்டைகளை இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தால் போதும். லெவல் ஏறும், அடியின் வலு கூடும், அரக்கன் விழுவான். செத்துப்போனாலும் அரசர் முன்னால் உயிரோடு கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். கையிலிருந்த காசில் பாதி போகும், சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒன்றும் குறையாது. தோல்வியால் நஷ்டமில்லை. தோல்வியிலிருந்து கற்க வேண்டியதும் இல்லை.

ஆர்.பி.ஜி. நம்மிடம் கேட்பது நேரம் ஒன்றைத்தான். நேரம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் உண்டு, மந்தபுத்திக்கும் மேதைக்கும் உண்டு. நாற்பது மணி நேரம் ஆடியவர் ஆடத் தொடங்கிய நாளில் இருந்த அதே ஆளாகவே எழுந்து போகலாம். அவருடைய வீரன் மட்டும் நாற்பதாம் லெவலில் நிற்பான். ஆளை மாற்றாமல் ஆளுக்கு வெற்றியைக் கொடுப்பது சாதாரண சாமர்த்தியமில்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் இடத்தைச் சொல்கிறேன். 1990இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் ரான் கில்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்டில், கைப்ரஷ் த்ரீப்வுட் என்ற பையன் கடற்கொள்ளைக்காரன் ஆக ஆசைப்படுகிறான். தீவின் வாள் வித்தகி கார்லாவை அவன் வெல்ல வேண்டும். வாள் சண்டைதான், ஆனால் வெற்றி வாளில் இல்லை, வாயில் இருக்கிறது. எதிரி ஒரு வசவை வீசுவான். பொருத்தமான பதிலடி கொடுத்தால் ஒரு படி முன்னே போகலாம், திணறினால் பின்னே தள்ளப்படுவோம். கைப்ரஷுக்கு ஆரம்பத்தில் உருப்படியாக ஒன்றும் தெரியாது. சாலையில் எதிர்ப்படும் கொள்ளைக்காரர்களிடம் வசவு வாங்கித்தான் வசவைக் கற்க முடியும். வாங்கிய வசவை அடுத்தவனிடம் எடுத்து விட்டு, அவன் தரும் பதிலால் அடிபட்டுத்தான் பதிலைக் கற்க முடியும். இப்படித் தோற்றுத் தோற்றுச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு கார்லாவிடம் போனால், அவள் இதுவரை யாருமே சொல்லாத வசவுகளைச் சொல்கிறாள். நம்மிடம் இருப்பது அதே பழைய பதில்கள். அவற்றில் எது இந்தப் புது வசவுக்குப் பொருந்தும் என்று அந்த நொடியில் புரிந்துகொண்டாக வேண்டும்.

மனப்பாடம் செய்தவன் இங்கே தோற்பான், பொருள் புரிந்தவன் ஜெயிப்பான். எந்த லெவலும் இங்கே துணைக்கு வராது. ஓர் ஆர்.பி.ஜி. தன்னை நம்பி வந்தவரை இப்படி ஒரு சங்கடத்தில் நிறுத்தாது. பேச்சுத்திறன் என்று ஓர் எண்ணை வைத்திருக்கும். எண் போதிய அளவு இருந்தால் தேர்ந்தெடுக்கும் வாக்கியம் தானே பலிக்கும். அது என்ன வாக்கியம் என்றுகூடப் படிக்க வேண்டாம்.

வழி காட்டுவதிலும் ஆர்.பி.ஜி. நாளுக்கு நாள் அன்பு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. பெதஸ்டாவின் மோரோவிண்ட் 2002இல் வந்தபோது அந்த அன்பு இன்னும் முழுமை பெறவில்லை. கேயஸ் கோசேடஸ் என்பவரைப் பார்க்கச் சொல்வார்கள். பால்மோரா ஊருக்குப் போய், சவுத் வால் என்ற மதுக்கடையில் விசாரிக்கச் சொல்வார்கள். அவ்வளவுதான். வெளியூர் வேலை என்றால் பாலம் தாண்டு, பள்ளத்தாக்கைப் பிடித்துப் போ என்கிற மாதிரி வாய்வழி அடையாளங்கள். ஆடுபவர் மலையைப் பார்க்க வேண்டியிருந்தது, பலகையைப் படிக்க வேண்டியிருந்தது, வழி தவறி வேறெங்கோ போய்ச் சேர்ந்து அங்கே ஓர் அதிசயத்தைக் காண வேண்டியிருந்தது. 2006இல் வந்த ஆப்லிவியன் இந்தத் தொல்லையை ஒழித்தது. திரையில் ஒரு திசைகாட்டி, அதில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி. ஒருமுறை போன இடத்துக்கு வரைபடத்தில் ஒரு தட்டு தட்டினால் போய்விடலாம். நிலப்பரப்பை அங்குலம் அங்குலமாக இழைத்துச் செய்த ஓவியர்களின் உழைப்பைப் பார்க்கிற கட்டாயம்கூட நமக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள்.

இதன் பக்கத்தில் மிஸ்டை வைத்துப் பாருங்கள். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் 1993இல் வெளியிட்டது. ஆளில்லாத தீவில் கொண்டுபோய் விடுவார்கள். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெட்டிக்குள் ஒரு வெற்றுக் குறிப்பேடு மட்டும் வைத்திருந்தார்கள், கண்டதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று. இவ்வளவு அலட்சியமாக விருந்தாளியை நடத்திய அந்த விளையாட்டுதான், 2002இல் த சிம்ஸ் முந்தும்வரை, கணினி விளையாட்டுகளிலேயே அதிகம் விற்றது. அத்தனை லட்சம் பேர் பணம் கொடுத்து வாங்கிப் போய்ப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தார்கள் என்பதை, ஆடுபவர்களுக்குப் பொறுமை கிடையாது என்று அடித்துச் சொல்லும் தயாரிப்பாளர்கள் ஏன் மறந்துபோனார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

துப்பறிதலிலும் இதே கதை. 2015இல் வந்த விட்சர் 3 எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. அதன் எழுத்துக்கு இணையாக ஆர்.பி.ஜி.யில் அதிகம் இல்லை. அதன் நாயகன் ஜெரால்ட் அரக்கர்களை வேட்டையாடுபவன், தடயம் பார்ப்பதில் கெட்டிக்காரன். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் சுற்றுப்புறம் மங்கி, பார்க்க வேண்டிய காலடித் தடங்களும் ரத்தக் கறையும் சிவப்பாக ஒளிரும். சிவப்பைத் தொடர்ந்து போக வேண்டியது நம் வேலை. கறையின் முன்னால் நின்றதும் என்ன நடந்திருக்கும், யார் செய்திருப்பார்கள், அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஜெரால்டே வாய்விட்டுச் சொல்லிவிடுவான். துப்பறிவாளனின் அருகில் நடந்து போகும் பாக்கியம் நமக்கு. துப்பறியும் பாரம் அவனுக்கு.

பொருள் சேர்ப்பதைச் சொல்லாமல் இந்தப் பாராட்டு நிறையாது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்கு அவன் தன் ஆயுதக் கொட்டிலைச் சுற்றிக் காட்டிய கதை நமக்குத் தெரியும். எல்லாம் நெய் பூசி, மாலை சூட்டிப் பளபளப்பாக இருப்பதை ஔவை மெச்சினார். தங்கள் அரசனுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஸ்கைரிமில் வைட்ரன் ஊரில் வீடு வாங்கியவர்களின் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மந்திரம் ஏற்றிய வாள்கள், மந்திரம் ஏற்றிய கோடரிகள், ஒருநாளும் குடிக்கப்படாத மருந்துக் குப்பிகள், படிக்கப்படாத சுருள்கள். சுமை தாங்காமல் வீரன் நடக்க முடியாமல் போகும்வரை சேர்க்கலாம். ஒன்று தொலைந்தாலும் கதைக்குக் குறை வராது. மங்கி ஐலண்டின் கைப்ரஷிடம் நடுவில் கப்பி பொருத்திய ரப்பர் கோழி ஒன்று இருக்கும். கேலிக்கூத்தான பொருள். எதற்கு என்று மணிக்கணக்கில் மண்டையைக் குடைந்தபின், பக்கத்துத் தீவுக்கு இழுத்துக் கட்டிய கம்பியைப் பார்த்ததும் பளிச்சென்று விளங்கும். கப்பியைக் கம்பியில் மாட்டி, கோழியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மறுகரைக்குப் போக வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்தும் ஆடியவர்களுக்கு அந்தக் கோழி மறக்கவில்லை. ஸ்கைரிமில் சேர்த்த நூறு வாள்களில் ஒன்றின் பெயரைச் சொல்லச் சொன்னால் பலரும் திணறுவார்கள்.

அட்வென்ச்சர் கேம்களின் பாவங்களை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கிங்ஸ் குவெஸ்ட் ஐந்தாம் பாகத்தில் ஒரு பூனை எலியைத் துரத்தும். அந்தச் சில நொடிக்குள் பழைய பூட்ஸை எடுத்துப் பூனைமேல் வீசாவிட்டால், வெகுநேரம் கழித்து வேறோர் இடத்தில் கட்டுண்டு கிடக்கும்போது கயிற்றைக் கடித்து விடுவிக்க எலி வராது. நாம் ஏற்கெனவே தோற்றுவிட்டோம் என்று யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். 1999இல் கேப்ரியல் நைட் மூன்றாம் பாகத்தில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பதற்காகப் பூனையின் முடியை ஒட்டுநாடாவில் பிடித்து, பாகு தடவிப் பொய் மீசை செய்ய வேண்டும். யாருடைய வேடத்தைப் போடுகிறோமோ அவருக்கு மீசையே கிடையாது. அதனால் அவருடைய பாஸ்போர்ட் படத்திலும் மீசை வரைய வேண்டும். இது புதிர் இல்லை, அடாவடி. இன்ஃபோகாம் நிறுவனம் விடைகளைக் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்டு, தேய்த்தால் எழுத்தை வெளிக்கொண்டுவரும் பேனாவோடு புத்தகமாக விற்றது. கேள்விக்கும் காசு, பதிலுக்கும் காசு. ஆர்.பி.ஜி. பதிலைச் சும்மா கொடுக்கிறது, பல நேரம் கேள்வி எழுவதற்கு முன்பே.

ஆனால் இந்தப் பாவங்களை முதலில் உரக்கச் சொன்னவர் அட்வென்ச்சர் கேம் எழுதிய ரான் கில்பர்ட்தான். அட்வென்ச்சர் கேம்கள் ஏன் சகிக்கவில்லை என்று 1989இல் ஒரு கட்டுரையே எழுதினார். காரணமில்லாமல் சாகடிக்காதே, முட்டுச்சந்தில் விடாதே, குறிப்பை நேர்மையாகக் கொடு என்றார். மறு ஆண்டே மங்கி ஐலண்டில் அதைச் செய்தும் காட்டினார். புதிரை எடுத்துவிடுவது தீர்வு என்று அவர் நினைக்கவில்லை. புதிர் நியாயமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

ஆர்.பி.ஜி.க்கும் இது தெரியாததல்ல. 1997இல் வந்த முதல் ஃபாலவுட்டில் கடைசி எதிரி மாஸ்டர், மனிதகுலத்தையே அசுர உடல் கொண்ட புது இனமாக மாற்றத் துடிப்பவன். சுட்டுக் கொல்லலாம். சுடாமலும் ஜெயிக்கலாம். அந்தப் புது இனத்தால் பிள்ளை பெற முடியாது என்ற ஆய்வுச் சான்றைத் தேடிப் பிடித்து அவன் முன்னால் வைத்து, உன் திட்டம் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் என்று புரியவைத்தால், அவன் தன்னையே அழித்துக்கொள்கிறான். விளையாட்டு வரலாற்றில் இதற்கு ஈடான வாதம் நான் கண்டதில்லை. அதற்கும் முன்பே, 1989இல் லோரி கோலும் கோரி கோலும் சியெராவுக்காகச் செய்த விளையாட்டு, பிற்பாடு குவெஸ்ட் ஃபார் குளோரி என்று பெயர் பெற்றது, இரண்டு பிள்ளைகளுக்கும் சமரசமே செய்து வைத்தது. வைத்தியச்சியின் மோதிரம் மரத்தின்மேல் ஒரு கூட்டில் கிடக்கும். மரம் ஏறத் தெரிந்தவன் ஏறி எடுக்கலாம், குறிபார்த்து எறிபவன் கல்லால் கூட்டை வீழ்த்தலாம், மந்திரவாதி மந்திரத்தால் வரவழைக்கலாம். எண்ணும் இருந்தது, யோசனையும் இருந்தது. ஏறி ஏறித்தான் ஏறும் திறன் கூடியது.

ஆகவே இன்றைய பெரிய ஆர்.பி.ஜி.க்கள் நம்மிடம் ஒன்றும் கேட்காமல் விடுவதை இயலாமை என்று நான் சொல்லமாட்டேன். கேட்கத் தெரிந்தும் கேட்காமல் இருக்கிறார்கள். பணமும் ஆள்பலமும் பத்தாண்டு உழைப்பும் கொட்டி, நம்மைச் சிரமப்படுத்தக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஸ்கைரிமில் ரேடியன்ட் என்றொரு ஏற்பாடு உண்டு. முக்கியக் கதைகளை முடித்தவருக்கும் இன்னொரு குகை, இன்னொரு கொள்ளைக் கூட்டம் என்று வேலையை அதுவே உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு முடிவு கிடையாது. அட்வென்ச்சர் கேமோ விடை தெரிந்ததும் தீர்ந்துபோகும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு ஆளை வெளியே அனுப்பிவிடும். வேலைக்குப் போ, பிள்ளையைப் பார், வேறு ஏதாவது படி என்று. ஆர்.பி.ஜி. அப்படி யாரையும் வெளியே அனுப்புவதில்லை. நாம் போகாதவரை அது நம்மைக் கைவிடாது.

மாலைப்பொழுது எப்படியாவது கழிந்தால் போதும் என்று வருபவர்களுக்கு ஆர்.பி.ஜி.யைவிட நல்ல துணையை என்னால் சொல்ல முடியாது. வாங்கிக் கொடுங்கள், நீங்களும் ஆடுங்கள். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்து, அது எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால், அதற்குக் கொஞ்சம் பிடிவாதமும் இருந்தால், கில்பர்ட் தன் பழைய கூட்டாளி டேவ் கிராஸ்மனோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட ரிட்டர்ன் டு மங்கி ஐலண்டை வாங்கிக் கொடுங்கள். அதற்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கிறது. கேட்டால்தான் சொல்லும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்லும். பிள்ளை திணறும்போது அதைத் திறந்து காட்டிவிடாதீர்கள்.